ஒன்றாகாத அரிசி

எங்கள் சபையில் பக்கவாசலுக்குச் சற்று உள்ளே, பாட்டுப்புத்தகங்கள் அடுக்கிய அலுமாரிக்கு அருகே, மூடி போட்ட நீலப் பிளாஸ்டிக் பீப்பா ஒன்று நிற்கிறது. ஞாயிறு காலை ஆராதனைக்கு வரும் பெண்கள் அதன் முன் ஒரு கணம் நிற்பார்கள். கைப்பையிலிருந்து சிறு பொலித்தீன் பையை எடுத்து, முடிச்சை அவிழ்த்து, அரிசியை உள்ளே கொட்டுவார்கள். வெறும் பையை மடித்துத் திரும்பக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு தங்கள் இடத்துக்குப் போய்விடுவார்கள். யார் எவ்வளவு கொட்டினார் என்று யாரும் பார்ப்பதில்லை.

இதற்குப் பிடியரிசி என்று பெயர். சோறு ஆக்க அரிசியை அளந்து எடுத்த பிறகு, கழுவுவதற்கு முன்பு, அதிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனித் தகரப் பேணியில் போட வேண்டும். நாளுக்கு ஒரு பிடி. கிழமை முடிவில் பேணியில் சேர்ந்தது சபைக்கு வரும். மூட்டையிலிருந்து எடுத்தால் குறைவது தெரியாது. அளந்து வைத்ததிலிருந்து எடுத்தால் அன்றைய பானையில் ஒரு பிடி குறையும். அந்தக் குறைவுதான் காணிக்கை. இடையில் நின்றுபோயிருந்த இந்த வழக்கத்தை, எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஊரே வரிசையில் நின்ற காலத்தில் எங்கள் சபைப் பெண்கள் மறுபடி தொடங்கினார்கள். சேரும் அரிசியைப் பொதி செய்து, தேவையுள்ள வீடுகளுக்கு இரண்டு பெண்கள் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். எந்த வீடுகள் என்பது அவர்கள் இருவருக்கும் போதகருக்கும் மட்டும் தெரியும். மற்றவர்கள் கேட்பதில்லை. கேட்காமலிருப்பதும் ஒரு மரியாதை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

நான் பத்திரிகை அலுவலகமொன்றில் பிறர் எழுதியதைத் திருத்தியே காலம் கழித்தவன். ஓய்வு பெற்று மட்டக்களப்புக்குத் திரும்பிய பிறகு சபையின் செய்திமடல் என் கைக்கு வந்தது. பிடியரிசியைப் பற்றி அதில் ஒரு பக்கம் எழுதினேன். பீப்பாவின் நிறம், பெண்கள் முடிச்சவிழ்க்கும் விதம், உள்ளே கிடக்கும் சிவப்பும் வெள்ளையுமான மணிகள், எல்லாவற்றையும் கிட்ட நின்று பார்த்து எழுதினேன். இப்படி முடித்தேன்: ‘பல வீட்டு அரிசி ஒரே பானையில் வெந்து ஒன்றாகிறது, சபையும் அப்படித்தான்.’

அந்த வரியைப் போதகர் அறிவித்தல் நேரத்தில் எழுந்து வாசித்தார். ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது சிலர் கை கொடுத்தார்கள். அதைப் பீப்பாவுக்கு மேலே சுவரில் எழுதி வைக்கலாம் என்றார் ஒருவர். எனக்கு அது பிடித்திருந்தது. வேலையிலிருந்த நாட்களில், இளம் நிருபர் ஒருவர் இப்படி ஒரு வரியோடு வந்தால், நீர் பார்த்தீரா, யார் சொன்னது என்று கேட்டு வெட்டியிருப்பேன். என்னிடம் அதைக் கேட்க யாரும் இருக்கவில்லை.

எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை கலியாணம் கட்டி மனைவியின் வீட்டுக்குப் போவான். நாங்கள் பிறந்து வளர்ந்த வாவிக்கரை வீடு அப்படித்தான் அக்காவுக்குப் போனது. கட்டிமுடிக்காமல் கிடந்த அறைக்கு ஓடு போட என் முதற் சம்பளங்கள் போயின. அதில் எனக்கு வருத்தமில்லை என்று எப்போதும் சொல்லிக்கொள்வேன். ஆனால் மனதின் ஒரு மூலையில், அக்காவுக்குச் செய்யவேண்டியதைச் செய்து முடித்துவிட்டேன் என்ற எண்ணம் உட்கார்ந்திருந்தது. நத்தார்ப் பண்டிகைக்குச் சேலை கொண்டுபோகும் பழக்கமும் எந்த வருடத்திலோ நின்றுவிட்டது. அக்காவும் கேட்கவில்லை.

அத்தான் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும் வான் வைத்திருந்தார். பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்தது. வான் விலைப்பட்டது. விற்ற பணம் வைத்தியத்துக்குப் போனது. மகள் வந்தாறுமூலையில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். இவ்வளவும் எனக்குத் தெரியும். ஆராதனை முடிந்து மரத்தடியில் நிற்கும்போது எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்பேன். “ஓம், போகுது” என்பாள். அலுவலகப் பேச்சாளர் ஒருவரின் பதிலைக் குறித்துக்கொள்வதுபோல நான் அதைக் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுவேன். இரண்டாவது ஆளிடம் கேட்டு உறுதிப்படுத்தாமல் எதையும் அச்சுக்கு அனுப்பாதவன் நான்.

இன்னொன்றையும் கவனித்திருக்க வேண்டும். நான் எப்போதும் தொலைபேசியில் சொல்லிவிட்டுத்தான் அந்த வீட்டுக்குப் போவேன். மத்தியானமானாலும் அக்கா பிட்டு அல்லது இடியப்பம்தான் வைப்பாள். ஒரு வருடத்துக்கு மேலாக நான் அங்கே சோறு தின்னவில்லை. அது என் கண்ணில் படவில்லை.

அன்று கண் கிளினிக்குக்குப் போயிருந்தேன். கண்மணியை விரிக்க மருந்து விட்டார்கள். வெளியே வந்தபோது வெயில் வெள்ளைத் துணி போல முகத்தில் ஒட்டியது. கிட்டத்திலுள்ள எதுவும் தெளியவில்லை. மோட்டார் சைக்கிளை ஓட்ட முடியாது. அக்காவின் வீடு நடக்கும் தூரம். சொல்லாமல் போனேன்.

வாசல் கடப்படியில் என் குரலைக் கேட்டதும் வெளியே வந்தாள். கையைப் பிடித்து விறாந்தையில் ஏற்றினாள். பார்வை எப்போது சரியாகும் என்று விசாரித்தாள். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்கவில்லை. நானாகத்தான் பசிக்கிறது என்றேன்.

“சொல்லிப்போட்டு வந்திரிந்தா ஏதும் செய்து வச்சிருப்பனே. கொஞ்சம் இரு, கடையில பாண் வாங்கியாறன்.”

“என்னத்துக்கு பாண்? இரிக்கிற சோத்தைப் போடு.”

அவள் நின்றாள். உள்ளே கதிரையில் இருந்த அத்தானுக்குச் சொற்கள் ஒவ்வொன்றாகத்தான் வரும். வந்தவன் பசியோடு வந்திருக்கிறான், போடு என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

காரல் மீன் புளியாணம், முருங்கையிலைச் சுண்டல். வாசனையில் தெரிந்தது. தட்டில் இருந்தது எனக்கு ஒரு மங்கலான குவியல் மட்டும்தான். அதனால் வேலை விரலுக்கும் பல்லுக்கும் வந்தது. பிசையும்போது ஒரு பகுதி களியாகக் குழைந்து விரலிடுக்கில் ஏறியது. வாயில் போட்டால் அந்தக் களிக்குள் இன்னும் அவியாத மணிகள் பல்லில் நொறுங்கின. சின்ன வயதிலிருந்தே அக்காவின் சமையலைச் சீண்டுவது எனக்குப் பழக்கம்.

“மருந்து விட்டது என்ட கண்ணுக்கோ உன்ட கண்ணுக்கோ, அக்கா? அரைவாசி கூழாப் போச்சு, அரைவாசி இன்னும் அரிசியாக் கிடக்கு.”

சொல்லிவிட்டு நானே சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. முகங்கள் தெரியாததால் ஏன் என்றும் விளங்கவில்லை. அத்தான்தான் சொன்னார்.

“பிடியரிசி.”

நான் கையை எடுக்கவில்லை. எடுத்தால் அது வேறு அர்த்தமாகிவிடும் என்று மட்டும் தோன்றியது. அக்கா அகப்பையால் என் தட்டில் இன்னும் கொஞ்சம் ஆணம் ஊற்றினாள். பிறகு சாதாரணமாகவே பேசினாள்.

“நீ எழுதினதை வாசிச்சன். நல்லாத்தான் எழுதியிரிக்காய். ஒரே பானையில வெந்து ஒண்டாகுதாம். ஒருக்கா ஆக்கிப் பாரன், தம்பி.”

அவள் ஓய்வுநாள் பாடசாலையில் வருடக்கணக்காகக் கற்பித்தவள். பள்ளிக்காலத்தில் என் கட்டுரைகளை முதலில் வாசித்துக் கோடு போட்டவளும் அவள்தான். அன்றும் கோடுதான் போட்டாள். ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு அரிசி. ஒருவர் பச்சையரிசி தின்பார், ஒருவர் புழுங்கல். ஒருவர் வாங்குவது சம்பா, இன்னொருவருக்கு வட்டையில் சொந்த வயலில் விளைந்த சிவப்பு நெல். ஒன்று வேகும் நேரத்தில் மற்றது வேகாது. சிவப்பு வேகும் வரைக்கும் பொறுத்தால் பச்சையரிசி கரைந்துவிடும். பச்சையரிசிக்கு அளவாக இறக்கினால் மற்றது பல்லில் படும். சுளகில் போட்டுக் கொஞ்சம் பிரிக்கலாம், முழுக்கப் பிரிக்க முடியாது. கஞ்சியாக வைத்தால் குற்றமில்லை. ஆட்கள் வருகிறார்கள் என்று தெரிந்தால் ஊறவைத்து இடித்து மாவாக்கிவிடுவாள்.

“இடிச்சா ஒண்டாகும்” என்றாள். “அப்ப நீ எழுதினது முழுப் பொய் எண்டும் இல்ல.”

அதற்கு அத்தான் சிரித்தார். நான் தட்டை வழித்துத் தின்று முடித்தேன். கை கழுவும்போது தண்ணீர் ஊற்றியவள், உன் வீட்டில் சொல்லாதே என்றாள்.

வெட்கம் எங்கிருந்து வந்தது என்று வீடு திரும்பும் வழியில் யோசித்தேன். அவர்கள் இல்லாதவர்களாகியிருந்தது அல்ல காரணம். அப்படி ஆன ஒவ்வொரு படியையும் நான் அறிந்திருந்தேன். அறிந்தவற்றை ஒன்றோடொன்று சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் ஏதாவது செய்யவேண்டி வந்திருக்கும்.

மறுநாள் காலை கடையில் இருந்ததிலேயே உயர்ந்த கீரிச்சம்பா மூட்டை ஒன்றை வாங்கி, ஓட்டோவில் ஏற்றி, நானும் ஏறி அக்கா வீட்டில் இறக்கினேன். அந்த நேரத்தில் எனக்கு அது கொடை என்றுதான் தோன்றியது. இப்போது நினைத்தால், உள்ளே எரிந்துகொண்டிருந்த ஒன்றை அணைக்கக் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

ஓட்டோச் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுப் பெண் வேலியோரம் வந்தாள். தம்பி மூட்டையோடு வந்திருக்கிறாரே, என்ன விசேஷம் என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

“இது கோயிலுக்குப் போற அரிசி, புள்ள. பாரம் தாங்கேலாம இஞ்ச இறக்கியிரிக்கான்.”

எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் சொன்னாள். பிள்ளைகளுக்கு வேதத்தின் பத்துக் கற்பனைகளையும் மனனம் செய்யக் கொடுத்தவளை நான் காலை வெயிலில் வேலியோரம் நிறுத்திப் பொய் சொல்லவைத்தேன்.

குசினிக்குள் போனதும் எனக்கு எதிரே மர வாங்கில் இருந்தாள். கோபம் இருக்கவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் தம்பிதானே, தம்பி தருவதை வாங்க என்ன தடை என்று கேட்டேன்.

“நேத்தைக்கு முன்னம் தந்திரிந்தா வாங்கியிருப்பன். நீ என்ட சோத்தைத் திண்டு பாத்துப்போட்டுத் தாறாய்.”

அவளே தொடர்ந்தாள்.

“சபை தாற அரிசி ஆர்ட எண்டு எனக்குத் தெரியா. ஆருக்குப் போகுது எண்டு அவங்களுக்கும் தெரியா. அதாலதான் ஞாயித்துக்கிழமை எல்லார்ட முகத்தையும் பாத்துக் கதைக்கிறன். இந்த மூட்டையைத் திறந்தா, மறுகா ஒவ்வொரு நாளும் பானையில உன்ட முகம்தான் தெரியும்.”

“நாங்களும் பிடி போடுற வீடுதான்” என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

“நானும்தான் போடுறன்.”

“எதிலயிருந்து?”

“வேற எதிலயிருந்து? ஆக்கிறதிலயிருந்துதான்.”

அடுப்புக்கு மேலே சுவர்த் தட்டில் பால்மாப் பேணி ஒன்று இருந்தது. அவள் அதைக் காட்டவில்லை. நானே கண்டேன். அன்று என் கண் நன்றாகத் தெரிந்தது.

அடுத்த செய்திமடலில் ஒரு திருத்தம் போடலாம் என்று நினைத்திருந்தேன். அந்த வரி தவறு, பல வீட்டு அரிசி ஒன்றாக வேகாது, முடிந்தவர்கள் ஒரே வகையைக் கொண்டுவந்தால் நல்லது என்று. அதைச் சொன்னதும் அக்கா முதன்முறையாகக் குரலை உயர்த்தினாள். கலப்பரிசி எப்படி வேகும் என்று உனக்கு யார் சொன்னது என்று சபை கேட்கும். நீ அதை எங்கே தின்றாய் என்று யோசிப்பார்கள். உனக்கு மட்டக்களப்பில் எத்தனை அக்கா? அந்த வரி அப்படியே கிடக்கட்டும் என்றாள்.

தவறென்று தெரிந்த ஒன்றை அச்சில் விட்டுவைத்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். அந்த வரியைப் பாராட்டுபவர்களுக்கு இன்றும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வேலியோரம் சொன்ன பொய்யை உண்மையாக்குவதுதான் என்னால் செய்யக்கூடியதாக மிஞ்சியது. ஞாயிற்றுக்கிழமை மூட்டையைச் சபைக்குக் கொண்டுபோனேன். ஆட்கள் வருவதற்கு முன்பே போய்விட நினைத்தேன். ஓட்டோ பிந்திவிட்டது. பக்கவாசலில் நான் மூட்டையை இழுத்துக்கொண்டு நின்றபோது அரைச் சபை வந்திருந்தது. எழுதியது மட்டுமல்ல, செய்தும் காட்டுகிறார் என்று சபை மூப்பர் ஒருவர் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். பீப்பாவைப் பார்த்துக்கொள்ளும் பெண் ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வுபெற்ற தாதி. மூட்டையையும் என்னையும் பார்த்தாள்.

“என்ன அண்ணன் இது?”

“பிடியரிசிக்கு.”

“இது பிடி இல்லையே அண்ணன். மூட்டை.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் வழி விடவில்லை. என்னைச் சற்று ஒதுக்கிக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில், இதை உள்ளே கொட்டினால் உங்களுக்குப் பின்னால் சின்னப் பையோடு வருகிறவள் முடிச்சை அவிழ்க்கக் கூசுவாள் என்றாள். அடுத்த கிழமை அவள் பீப்பாப் பக்கம் வரமாட்டாள். வேண்டுமானால் நத்தார்ப் பொதிகளுக்குத் தாருங்கள், அது வேறு.

அந்த நேரம் அக்கா வந்தாள். அத்தானை உள்ளே இருத்திவிட்டு வந்திருக்க வேண்டும். கையில் சின்னப் பை.

“தம்பி, தள்ளி நில்லு” என்றாள், வழியை மறித்து நிற்கும் எவரிடமும் சொல்வதுபோல. நான் மூட்டையோடு சுவர்ப் பக்கம் தள்ளினேன். அவள் முடிச்சை அவிழ்த்துக் கொட்டினாள். பையை மடித்துக் கைப்பையில் வைத்தாள். தாதியிடம் மகளின் பரீட்சையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினாள். முகம் நிமிர்ந்திருந்தது. அதைக் காப்பாற்றத்தான் அவள் இவ்வளவும் செய்தாள் என்பதும், அந்தக் கிழமையில் அதற்கு நேர்ந்த ஒரே ஆபத்து நான்தான் என்பதும் அந்த இடத்தில் நிற்கும்போது எனக்கு முழுதாக விளங்கியது.

மூட்டை வீட்டுக்குத் திரும்பியது. கோயிலுக்குக் கொடுக்கப் போனது ஏன் திரும்பி வந்தது என்று மனைவி கேட்டபோது, மூட்டை வேண்டாமாம், பிடிதான் வேண்டுமாம் என்றேன். மற்றதைச் சொல்லவில்லை. அந்த வருடம் நத்தாருக்கு அக்காவுக்குச் சேலையும், ஒரு வீட்டுக்குத் தாங்கும் அரிசியும், அத்தானுக்கு உடுக்கச் சாரமும் கொண்டுபோனேன். பண்டிகைக்குத் தம்பி கொண்டுவருவது என்பதால் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டியே வாங்கினாள். இப்போது அக்கா மகளுக்கு வேலை கிடைத்து, பொதி வேறு வீட்டுக்குப் போகிறது. இதை எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டேன். பெயர் போடாதே, சமையலை மட்டும் குறை சொல்லாதே என்றாள்.

சபையிலிருந்து மூட்டை திரும்பி வந்ததற்கு மறுநாள் காலை, பிடியை இனி நான் எடுக்கிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். இத்தனை காலமும் எங்கள் வீட்டுப் பிடி அவளுடையது. நான் அதன் புண்ணியத்தில் இருந்தவன். அவள் சுண்டால் அரிசி அளந்து சட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். எங்களுக்கு அளந்தபோது சுண்டில் அரிசி கோபுரமாக நின்றது. சிந்தியதைக்கூட அவள் வழித்துச் சட்டியில் சேர்த்தாள். பிறகு சட்டியை என் பக்கம் தள்ளினாள். நான் கையை விட்டு எடுத்தேன். மேலே வந்தபோது கைக்குள் இருந்தது கொஞ்சம். விரல்கள் ஏற்கனவே மூடியிருந்தன. திரும்பப் போட்டுவிட்டு, இம்முறை உள்ளங்கையை விரித்து எடுத்தேன். சட்டியிலிருந்து கை வெளியே வருவதற்குள் விரல்கள் தாமாக ஒடுங்கின. ஓரத்து மணிகள் சட்டிக்குள்ளேயே விழுந்தன. என் கை பெரியது. மனைவியின் பிடியில் பாதிகூட அதில் இல்லை.

“என்ன செய்யிறீங்க?” என்றாள். “பாத்துப் பாத்து எடுத்தா அப்பிடித்தான் வரும். பாக்காம அள்ளுங்க.”

அதற்குப் பிறகு எத்தனையோ காலைகள் போய்விட்டன. பேணியும் கிழமைதோறும் சபைக்குப் போகிறது. பார்க்காமல் அள்ளுவது மட்டும் எனக்கு இன்னும் கைவரவில்லை.